பள்ளிக்கு இணையம் தரும் நிறுவனங்கள்: எதைத் தருகிறார்கள், எது நிலைக்கிறது?

கூகுள் ஒரு நாட்டில் இலவச வைஃபை தொடங்குகிறது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கடலுக்கடியில் கேபிள் இழுக்கிறது. இன்னொரு நிறுவனம் அகதி முகாம் பள்ளிக்கு டேப்லட் கொடுக்கிறது. இந்த மாதிரிச் செய்திகளைப் படிக்கும்போது சிலருக்கு "பரவாயில்லை, நல்ல காரியம்" என்று தோன்றும். சிலருக்கு "எல்லாம் விளம்பரம்" என்று தோன்றும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட உதவிகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றன. எது பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது, எது பாதியில் நின்றது என்று எடுத்துக்காட்டிப் பேசும் அளவுக்கு அனுபவம் சேர்ந்துவிட்டது. புதிதாகத் தெரிந்துகொள்பவர்கள் அந்த அனுபவத்திலிருந்து தொடங்கலாம்.

டிஜிட்டல் அணுகல் என்றதும் இணைய இணைப்பு மட்டும்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஒரு பிள்ளை திரையில் ஒரு பாடம் படிக்க உண்மையில் என்னென்ன வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஊரில் சிக்னல் வேண்டும். கையில் ஒரு கருவி வேண்டும். அதற்குச் சார்ஜ் போட மின்சாரம் வேண்டும். டேட்டாவுக்குக் காசு வேண்டும். திரையில் வருவது தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். தடுமாறினால் பக்கத்தில் சொல்லித்தர ஒருவர் வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் மற்ற எல்லாம் இருந்தும் அந்தப் பிள்ளைக்குப் பாடம் கிடைக்காது. நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த ஆறில் ஒன்றையோ இரண்டையோதான் தருகின்றன. மீதியை யார் தருகிறார்கள் என்பதில்தான் ஒரு திட்டத்தின் தலையெழுத்து இருக்கிறது.

சிக்னல் இருக்கிறது, இணையம் இல்லை

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மக்கள். பள்ளிகளை மட்டும் பார்த்தால், தொடக்கப் பள்ளிகளில் 40 சதவீதத்துக்குத்தான் இணைய இணைப்பு இருக்கிறது என்கிறது யுனெஸ்கோவின் 2023 கல்வி அறிக்கை. நாலில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு மின்சாரமே இல்லை.

இத்தனை கோடிப் பேர் எங்கே இருக்கிறார்கள்? காட்டுக்குள், மலை மேல், டவர் எட்டாத தீவில் என்றுதான் மனம் படம் போடும். மொபைல் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜி.எஸ்.எம்.ஏ. ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. மொபைல் இணையச் சிக்னலே எட்டாத இடத்தில் வாழ்பவர்கள் உலக மக்களில் 4 சதவீதம்தான். சிக்னல் வீட்டு வாசல் வரை வந்தும் மொபைல் இணையத்தைப் பயன்படுத்தாதவர்கள் கிட்டத்தட்ட 40 சதவீதம். (இது மொபைல் இணையத்தை மட்டும் பார்க்கும் கணக்கு; மேலே சொன்ன மூன்றில் ஒரு பங்கோடு அப்படியே பொருந்தாது.) போன் விலை, டேட்டா விலை, எழுதப் படிக்கத் தெரியாமை, தன் மொழியில் பயனுள்ளது எதுவும் இல்லாமை, வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவிடமோ அண்ணனிடமோ இருப்பது என்று காரணங்கள் பல.

இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் பல திட்டங்கள் தெளிவாகப் புரியும். பெரிய நிறுவனங்களின் கவனத்தையும் பணத்தையும் நெடுநாள் இழுத்தது அந்த 4 சதவீதம்தான். பொறியாளர்களுக்குப் பிடித்தமான சவால் அது. கூகுளின் ஆய்வுப் பிரிவு 2013இல் லூன் என்ற திட்டத்தை அறிவித்தது. சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில், விமானங்களுக்கும் மேலே, பலூன்களை மிதக்கவிட்டு அங்கிருந்து கீழே இணையம் தருவது நோக்கம். காற்றின் திசையைக் கணித்து பலூன்களை ஏற்றி இறக்கி வழிநடத்தினார்கள். அபாரமான பொறியியல் அது. 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிகோவைச் சிதைத்தபோது, டவர்கள் சாய்ந்து கிடந்த நாட்களில், இந்தப் பலூன்கள் அங்கே சுமார் 2 லட்சம் பேருக்கு அடிப்படை இணைப்பைக் கொடுத்தன.

இலங்கையும் இதில் சேர்ந்தது. 2015இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2016 பிப்ரவரியில் சோதனைக்காக ஒரு பலூன் இலங்கை வான்வெளிக்குள் வந்தது. அலைக்கற்றை ஒதுக்கீட்டில் சிக்கல் வந்து திட்டம் அங்கேயே நின்றது. கென்யாவில்தான் முதல் முறையாக வணிகச் சேவையாகத் தொடங்கினார்கள். 2020 ஜூலையில், சுமார் 35 பலூன்கள், ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2021 ஜனவரியில் மொத்தத் திட்டத்தையும் மூடுவதாக அறிவிப்பு வந்தது. செலவைக் குறைக்க முடியவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். கென்யாவில் இணைப்புக்கும் கல்விக்கும் உழைக்கும் அமைப்புகளுக்கு 1 கோடி டாலர் ஒதுக்குவதாகவும் சொன்னார்கள். ஃபேஸ்புக்கும் இதே காலத்தில் அக்விலா என்ற ராட்சத ட்ரோனைப் பறக்கவிட்டு, 2018இல் கைவிட்டது.

இதைத் தோல்வி என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. லூன் பலூன்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்திய ஒளிக்கற்றைத் தொழில்நுட்பம் பிறகு தாரா என்ற திட்டமாக வளர்ந்தது. காங்கோ ஆற்றின் இரு கரையிலும் பிரஸ்ஸவில், கின்ஷாசா என்று இரண்டு தலைநகரங்கள் உள்ளன. நேராகப் பார்த்தால் இடையில் 5 கிலோமீட்டர்தான். ஆற்றுக்குக் குறுக்கே கேபிள் போட முடியாததால் 400 கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. இப்போது ஒளிக்கற்றையே அந்த ஆற்றைத் தாண்டி டேட்டாவைக் கொண்டுபோகிறது. ஆனால் போன் வாங்கக் காசில்லாத வீட்டுக்கு மேலே பலூன் பறந்தால் என்ன, ஒளிக்கற்றை போனால் என்ன? அந்த 40 சதவீதத்துக்கு வேறு வழி வேண்டும்.

நூறு டாலர் மடிக்கணினி

கருவியைக் கையில் கொடுத்துவிடுவது அப்படி ஒரு வழி. இதில் உலகமே வேடிக்கை பார்த்த முயற்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மீடியா லேப் என்ற ஆய்வகத்தை நிறுவியவர்களில் ஒருவரான நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் ஒரு யோசனையை முன்வைத்தார்: ஏழை நாடுகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி, விலை 100 டாலர். ஏ.எம்.டி., கூகுள், ரெட் ஹேட் போன்ற நிறுவனங்கள் தோள் கொடுத்தன. அதே ஆண்டு நவம்பரில் துனிஸ் நகரில், ஐ.நா. பொதுச் செயலர் கோஃபி அன்னானோடு சேர்ந்து மாதிரிக் கணினியை அறிமுகம் செய்தார்.

கணினி உண்மையிலேயே நன்றாக இருந்தது. பச்சையும் வெள்ளையும் கலந்த உடல். தூக்கிப் போக ஒரு கைப்பிடி. குழந்தை விரலுக்கு ஏற்ற சின்ன ரப்பர் விசைப்பலகை, தூசியும் தண்ணீரும் உள்ளே போகாது. இரண்டு பக்கமும் முயல் காது மாதிரி ஆன்டெனா. அதை நிமிர்த்திவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் கணினியோடு தானாக இணைந்துகொள்ளும். வெயிலில் உட்கார்ந்தும் படிக்க முடிகிற திரை. மின்சாரமும் மிகக் குறைவாகவே தின்றது. இன்றைய விலை குறைந்த மடிக்கணினிகளுக்கு வழி காட்டியதில் இதற்குப் பங்கு உண்டு.

விலை 100 டாலருக்கு இறங்கவில்லை. 2007 இறுதியில் தயாரிப்பு தொடங்கியபோது 188 டாலர் ஆனது. ஆனால் பெரிய சிக்கல் விலையில் இல்லை. கணினியைக் கொடுத்தால் போதும், பிள்ளைகள் தாங்களே நோண்டி நோண்டிக் கற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையின் மேல்தான் மொத்தத் திட்டமும் நின்றது. ஆசிரியர் அதில் ஓரமாகத்தான் இருந்தார்.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த நாடு பெரு. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை அந்த அரசு வாங்கியது, உலகிலேயே அதிகம். ஒரு கணினியில் சுமார் 200 மின்நூல்கள் ஏற்றப்பட்டிருந்தன. புத்தகமே இல்லாத வீடுகள் நிறைய இருந்த மலைக் கிராமங்களில் அது சின்ன விஷயம் இல்லை. இன்டர்அமெரிக்கன் வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, கணினி பெற்றவற்றையும் பெறாதவற்றையும் ஒப்பிட்டார்கள். 2012இல் முடிவு வெளிவந்தது. சுமார் 15 மாதம் கணினி இருந்த பிறகும் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதற்கு எந்த அடையாளமும் இல்லை. பொது அறிவாற்றல் சோதனைகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது.

ஏன் இப்படி? அந்தப் பள்ளிகளில் இணையம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆசிரியர்களுக்குக் கிடைத்த பயிற்சி கணினியை இயக்குவதற்குத்தான் உதவியது. அதை வைத்து நாளைக்கு எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்பதற்கு உதவவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போவதற்காகச் செய்த கணினியை, உடைந்துவிடும், தொலைந்துவிடும் என்ற பயத்தில் பல பள்ளிகள் வீட்டுக்கே விடவில்லை. அந்தப் பயம் நியாயமானது. உடைந்தால் சரிபார்க்க அந்த மலையில் யார் இருக்கிறார்கள்?

இப்போது உருகுவே. அதே பச்சைக் கணினியைத்தான் அவர்களும் வாங்கினார்கள். 2007 மே மாதம் வீஜா கார்டால் என்ற சின்ன ஊர்ப் பள்ளியில் தொடங்கி, 2009க்குள் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்து முடித்தார்கள். திட்டத்தின் பெயர் சேபல். முப்பத்தைந்து லட்சம் பேர் மட்டுமே வாழும் நாடு, சமவெளி, பெருவைவிடப் பணமும் கொஞ்சம் அதிகம். அந்தச் சாதகங்களை மறக்கக் கூடாது. ஆனால் அவர்கள் செய்த இன்னொன்று முக்கியம். கணினி வாங்குவதைத் திட்டத்தின் முதல் வேலையாக மட்டும் வைத்துக்கொண்டார்கள். அரசுத் தொலைபேசி நிறுவனமான ஆன்டெல் பள்ளிகளுக்கு இணையம் கொண்டுவந்தது. பழுதுபார்க்கத் தனி ஏற்பாடு செய்தார்கள். திட்டத்தை நடத்தவே தனி அமைப்பு, அதற்கு அரசு பட்ஜெட்டில் ஆண்டுதோறும் பணம்.

உருகுவேயிலும் ஆரம்ப ஆண்டுகளில் கணக்கு, வாசிப்பு மதிப்பெண்கள் ஏறவில்லை என்றே ஆய்வு சொன்னது. இதை மறைக்க வேண்டியதில்லை. வித்தியாசம் அதன் பிறகு நடந்தது. திட்டம் உயிரோடு இருந்ததால் அதைத் திருத்த முடிந்தது. 2012 முதல் பிரிட்டிஷ் கவுன்சிலோடு சேர்ந்து வீடியோ வழி ஆங்கில வகுப்பு தொடங்கினார்கள். தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர்கள் போதவில்லை. எனவே வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும் ஆங்கில ஆசிரியர் வாரத்துக்கு ஒருமுறை பெரிய திரையில் வருவார்; மற்ற நாட்களில் வகுப்பாசிரியரே அந்தப் பாடத்தைத் தொடர்வார், பிள்ளைகளோடு சேர்ந்து தானும் கற்றுக்கொண்டே. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, பல நாடுகள் தலையில் கை வைத்து உட்கார்ந்தன. உருகுவேயில் பிள்ளைகளிடம் கருவியும், பாடத் தளத்துக்குள் நுழையும் பயனர் கணக்கும் ஏற்கெனவே இருந்தன. ஆசிரியர்களுக்கும் பழக்கம் இருந்தது.

ஆக, ஒரே கணினி, ஒரே காலம், இரண்டு நாடுகள். நிறுவனம் கொடுக்கக்கூடியது கருவியை மட்டும்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இலவச இணையம் என்றால் எந்த இணையம்?

டேட்டா விலைக்கு வருவோம். 2013இல் ஃபேஸ்புக், சாம்சங், நோக்கியா, எரிக்சன், குவால்காம் முதலிய நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு இன்டர்நெட்.ஆர்க் என்ற முயற்சியைத் தொடங்கியது. ஏழைகளுக்குச் சில இணையச் சேவைகளை டேட்டா கட்டணமே இல்லாமல் தருவதாக ஏற்பாடு. 2014இல் சாம்பியாவில் ஆரம்பித்தது. 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது முதல் ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சேவை தமிழிலும் கிடைத்தது. பிறகு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள்.

இதில் என்ன குறை என்று கேட்கலாம். இப்படி நினைத்துப் பாருங்கள்: ஊருக்கு ஒருவர் இலவசப் பஸ் விடுகிறார், ஆனால் அது அவர் தேர்ந்தெடுத்த 38 கடைகளின் வாசலில் மட்டும்தான் நிற்கும். ஆரம்பத்தில் அந்தச் சேவையில் இருந்த தளங்களும் 38தான். ஃபேஸ்புக் உண்டு, விக்கிப்பீடியா உண்டு. கூகுள் தேடல் இல்லை, யூடியூப் இல்லை. ஒரு மாணவி பாடத்தில் சந்தேகம் வந்து எங்கே தேடலாம் என்பதை ஒரு நிறுவனம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. நாளைக்குச் சேலத்தில் ஒருவர் நல்ல கணக்குப் பாடத் தளம் தொடங்கினால், காசில்லாத பிள்ளைகளைச் சென்றடைய அந்த நிறுவனத்தின் கதவைத் தட்டியாக வேண்டும்.

எல்லாத் தளங்களையும் இணைப்பு நிறுவனம் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற கொள்கைக்கு இணையச் சமநிலை என்று பெயர். இந்தியாவில் அதற்காகப் பெரிய இயக்கமே நடந்தது. 2015 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. ஃபேஸ்புக் பக்கம் பக்கமாகப் பத்திரிகை விளம்பரம் கொடுத்தது. கடைசியில் 2016 பிப்ரவரி 8ஆம் தேதி, எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று டிராய் உத்தரவு போட்டது. இந்தியாவில் ஃப்ரீ பேசிக்ஸ் அத்தோடு முடிந்தது. மற்றப் பல நாடுகளில் தொடர்ந்தது.

ஏழைக்குக் கிடைத்த கொஞ்சத்தையும் பறித்துவிட்டார்கள் என்று அப்போது வருந்தியவர்கள் உண்டு. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். அப்புறம் நடந்தது என்ன? அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது. போட்டியில் டேட்டா விலை சரிந்தது. முழு இணையமும் ஏழை வீடுகளுக்குள் வந்ததற்குக் காரணம் தருமம் இல்லை. விலைப் போட்டியும், எல்லாத் தளங்களையும் திறந்து வைத்த அந்த விதியும்தான்.

இந்த விலைச் சரிவு இன்னொரு இலவசத் திட்டத்தையும் முடித்துவைத்தது. கூகுளும் ரயில்வேயின் ரயில்டெல் நிறுவனமும் சேர்ந்து 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய இலவச வைஃபை, 2018 ஜூனுக்குள் 400 நிலையங்களை எட்டியது. இதில் ஃப்ரீ பேசிக்ஸ் மாதிரி வடிகட்டல் கிடையாது, முழு இணையம். எர்ணாகுளம் நிலையத்தில் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், தலையில் பெட்டி இருக்கும்போதே காதில் இயர்போன் மாட்டி, இந்த வைஃபையில் இறக்கிய பாடங்களைக் கேட்டுக் கேட்டுப் படித்து, 2018இல் கேரள அரசுப் பணித் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வில் தேறினார். அவருக்கு யாரும் தனிக் கருவியோ செயலியோ கொடுக்கவில்லை. தடையில்லாத இணைப்பு ஒன்று கிடைத்தது. மற்றதெல்லாம் அவர் உழைப்பு.

2020 பிப்ரவரியில், இந்தியாவில் ஐந்து ஆண்டுகளில் டேட்டா விலை 95 சதவீதம் குறைந்துவிட்டது, இனி இந்தச் சேவைக்குத் தேவை குறைவு என்று சொல்லி கூகுள் விலகியது. வைஃபை நிற்கவில்லை. கண்ணாடியிழைக் கேபிள் ரயில்டெல்லுடையது. அவர்களே தொடர்ந்து நடத்தினார்கள். கென்யாவில் பலூன் போனபோது அந்தச் சேவையும் போய்விட்டது. இங்கே நிறுவனம் போன பிறகும் நிலையத்தில் வைஃபை இருந்தது. அடிப்படைக் கட்டமைப்பு யார் கையில் இருக்கிறது என்பது இவ்வளவு முக்கியம்.

எழுத்தும் வாசிப்பும்

செய்தியில் அதிகம் வராத உதவி ஒன்று இருக்கிறது: மொழி. தமிழில் இணையம் படிக்க ஆரம்பித்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துருவை இறக்கி, அப்படியும் பாதி எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்த காலம் அது. எல்லா மொழி எழுத்துகளையும் கணினிகள் ஒரே மாதிரி அடையாளம் காண வைக்கும் பொதுத் தரமான யூனிகோடும், பிறகு எல்லாக் கருவிகளிலும் தானாக வந்த எழுத்துருக்களும் அதைத் தீர்த்தன. எழுத்துரு நிறுவனமான மோனோடைப்போடு சேர்ந்து கூகுள் உருவாக்கிய நோட்டோ எழுத்துருக் குடும்பம் நூற்றுக்கணக்கான மொழிகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

இதன் அருமையை மேற்கு ஆப்பிரிக்காவில் பார்க்கலாம். கினி நாட்டில் அப்துலாயே பாரி, இப்ராஹிமா பாரி என்ற இரண்டு சகோதரர்கள் 1989இல், இன்னும் சிறுவர்களாக இருக்கும்போதே, தங்கள் ஃபுலானி மொழிக்கு ஒரு புதிய எழுத்துமுறையை உருவாக்கினார்கள். அத்லாம் என்று அதற்குப் பெயர். கோடிக்கணக்கானோர் பேசும் மொழி. அதுவரை அரபு எழுத்திலும் லத்தீன் எழுத்திலும் முழுதாகப் பொருந்தாமல் எழுதி வந்தார்கள். கையால் எழுதிய பாடநூல்களை வைத்துச் சந்தையிலும் வீட்டிலும் சொல்லிக்கொடுத்து எழுத்தைப் பரப்பினார்கள். 2016இல் அது யூனிகோடில் ஏறியது. பிறகு கூகுள் எழுத்துரு செய்தது. 2019இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் சேர்த்தது. அன்றிலிருந்து ஒரு ஃபுலானிப் பிள்ளை தன் எழுத்திலேயே போனில் செய்தி அனுப்பலாம். எழுத்தைக் கண்டுபிடித்ததும் கற்றுக்கொடுத்ததும் அந்த மக்கள்தான். நிறுவனங்கள் அதற்குத் திரையில் இடம் கொடுத்தன. செலவு குறைவு, பலன் தலைமுறைகளுக்கு. நிறுவனங்கள் செய்யும் உதவிகளில் என்னைக் கேட்டால் இதற்குத்தான் முதல் இடம் தருவேன்.

தமிழ்நாட்டிலும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் உதாரணம் உண்டு. கூகுள் 2019இல் இந்தியாவில் வெளியிட்ட ரீட் அலாங் செயலி, பிள்ளை சத்தமாக வாசிப்பதைக் கேட்டுத் தவறிய இடத்தில் உதவி செய்யும். தமிழிலும் இருக்கிறது. கதைகளை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். கொரோனாவுக்குப் பிறகு தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2022 ஜூனில் இந்தச் செயலியை வைத்து வாசிப்பு மாரத்தான் நடத்தியது. செயலி மட்டும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. மாநிலம் முழுக்க ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள், மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துத் தங்கள் போனையே கையில் கொடுத்து வாசிக்க வைத்தார்கள். "அக்கா, அடுத்தது நான்" என்று போனுக்குப் போட்டி போடும் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த அக்காதான், மேலே சொன்ன ஆறாவது தேவை.

இணைப்பே நம்பகமாக இல்லாத இடங்களுக்கும் வழி கண்டிருக்கிறார்கள். கொலிப்ரி என்ற திறந்த மூல மென்பொருள் (யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றிக்கொள்ளலாம்) ஒரு சின்னக் கணினியில் ஆயிரக்கணக்கான பாடங்களைச் சேமித்துவைத்து, வகுப்பறைக்குள் மட்டும் இயங்கும் வைஃபை வழியாகப் பிள்ளைகளுக்குத் தரும். வெளி இணையம் தேவையில்லை. வோடஃபோன் அறக்கட்டளையும் ஐ.நா. அகதிகள் முகமையும் 2013 முதல் கென்யா உள்ளிட்ட நாடுகளின் அகதி முகாம்களில் நடத்தும் வகுப்பறைகளில் 25 டேப்லட்டுகள், ஆசிரியருக்கு ஒரு மடிக்கணினி, புரொஜெக்டர், சூரிய மின்சாரம், கூடவே ஆசிரியர் பயிற்சி எல்லாம் சேர்ந்தே வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கருவி என்று அங்கே கணக்குப் போடவில்லை. ஒரு வகுப்பறைக்கு ஒரு தொகுப்பு என்று போட்டார்கள்.

இலவச மென்பொருளின் விலை

நிறுவனங்கள் ஏன் இதைச் செய்கின்றன? காரணம் ஒன்றல்ல. கணினி வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ 1997இல் தொடங்கிய நெட்வொர்க்கிங் அகாடமி இதுவரை 2 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறது. சிஸ்கோ கருவிகளைக் கையாளத் தெரிந்த ஆட்கள் உலகெங்கும் இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் லாபம், படித்தவருக்கும் வேலை. இந்த மாதிரிப் பரஸ்பர லாபத்தில் தவறு இல்லை, வெளிப்படையாக இருக்கும்வரை. கடலடிக் கேபிளும் அப்படித்தான்: சொந்தச் சேவைகளுக்காகவே போடுகிறார்கள், வழியில் இருக்கும் நாடுகளுக்கும் பயன்.

பள்ளி மென்பொருளில் விஷயம் அவ்வளவு வெளிப்படையாக இல்லை. கொரோனா காலத்தில் அரசுகள் அவசர அவசரமாகப் பரிந்துரைத்த 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் 49 நாடுகளில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 89 சதவீதம் பிள்ளைகளின் அந்தரங்கத்தை மீறின, அல்லது மீறும் வகையில் அவர்களின் தகவல்களைக் கையாண்டன. பல செயலிகள் அந்தத் தகவலை விளம்பர நிறுவனங்கள் வரை அனுப்பின. பிள்ளைகளால் அதை மறுத்திருக்கவும் முடியாது. மறுத்தால் அன்றைய வகுப்பு கிடையாது.

டென்மார்க்கின் ஹெல்சிங்கர் நகரில் ஒரு தந்தை இதைத் தட்டிக் கேட்டார். பள்ளியில் கொடுத்த, கூகுள் மென்பொருளில் ஓடும் குரோம்புக் மடிக்கணினி வழியாகத் தம் மகன் பெயரில் யூடியூப் கணக்கு இருப்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. 2019இல் புகார் கொடுத்தார். 2022இல் அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு ஆணையம் அந்த நகரப் பள்ளிகள் கூகுள் மென்பொருளைப் பயன்படுத்தவே தடை விதித்தது. தடை பிறகு தற்காலிகமாகத் தளர்ந்தாலும் விசாரணை நிற்கவில்லை. 2024 ஜனவரியில், மாணவர் தகவல் கூகுளின் சொந்தத் தேவைகளுக்குப் போவதை நிறுத்தும்படி 53 நகராட்சிகளுக்கு உத்தரவு போனது. ஒரு தந்தையின் புகார் அவ்வளவு தூரம் போக முடிந்தது என்பது எனக்குப் பெரிய தைரியம் தருகிறது.

உங்கள் பிள்ளையின் பள்ளிக்கோ, நீங்கள் பாடம் நடத்தும் பள்ளிக்கோ ஒரு நிறுவனம் டேப்லட்டோ செயலியோ கொண்டுவந்தால், நன்றி சொல்லி வாங்கிக்கொள்வதற்கு முன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். ஒரு டேப்லட் கீழே விழுந்து திரை உடைந்தால் யார் சரிபார்ப்பார், எத்தனை நாளில்? மூன்றாம் ஆண்டு உரிமக் கட்டணம் வருமா? நெட் இல்லாத நாளில் பாடம் ஓடுமா? ஆசிரியருக்குப் பயிற்சி ஒரு நாள்தானா, இல்லை ஆண்டு முழுக்கக் கூப்பிட்டால் வர ஆள் இருக்கிறதா? பிள்ளையின் பெயர், குரல், மதிப்பெண் எல்லாம் எங்கே சேமிக்கப்படும், பள்ளியை விட்டுப் போகும்போது அழிப்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்கி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எல்லாப் பெற்றோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.